கேஸ் ஷீட்டில் ஒரு சொல்

ஜூன் 2, திங்கள்

ஆல்பர்ட் சார் வகுப்பில் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். தினமும் அரைப் பக்கம், ஆங்கிலத்தில், அன்று படித்த சொற்களில் ஐந்தையாவது சேர்த்து எழுத வேண்டும். நேற்று உட்கார்ந்து பார்த்தேன். எழுந்தேன், சமைத்தேன், பஸ்ஸில் போனேன் என்பதற்கு மேல் ஓடவில்லை. படித்துப் பார்த்தால் வேறு யாரோ ஒருத்தியின் நாள் மாதிரி இருந்தது. அதனால் இந்த நோட்டு எனக்கு, தமிழில். சாருக்குக் காட்ட வேறு நோட்டு.

ஆகஸ்ட் 9 அன்று திருவனந்தபுரத்தில் ஓ.இ.டி., வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு. இது இரண்டாவது முறை. ஜனவரியில் கேட்பதிலும் படிப்பதிலும் தேறிவிட்டேன். கடிதம் எழுதுவதிலும் பேச்சிலும் போய்விட்டது. சொல்வளம் போதாது என்றார் சார். நர்ஸ் வேலையில் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, ஆனால் வலி என்பதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே சொல். அவர் கொடுத்த பட்டியலில் பதினொரு சொற்கள் இருக்கின்றன. குத்தும் வலிக்கு ஒன்று, விண்ணென்று தெறிக்கும் வலிக்கு ஒன்று.

என் கணவர் இசக்கிராஜ் பட்டியலின் முதல் தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். தாளித்தபோது எண்ணெய் தெறித்து ஏ வரிசை பாதி போய்விட்டது.

ஜூன் 5, வியாழன்

பிற்பகல் டூட்டி. எலும்பு வார்டில் பதினெட்டுக் கட்டில், நானும் பேச்சியம்மாளும். பேச்சியம்மாள் எங்கள் வார்டு ஆயா. என்னைவிட இருபது வயது மூத்தவள், ஆனாலும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். பி வரிசை முடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பதினான்காம் கட்டிலுக்கு ஆவுடையப்பன் என்பவர் வந்திருக்கிறார். எழுபத்தொரு வயது. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார், தானே சமைத்துக்கொள்கிறார். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, நேற்று ஆபரேஷன் ஆயிற்று. மகள் கோமதி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் வந்து போகிறாள்.

அவர் தபால் துறையில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவராம். ராத்திரி ரயில்களில் முப்பத்து நான்கு வருஷம். என் ஊர் எது என்று கேட்டார். நாங்குநேரி என்றேன். உடனே அதன் பின்கோடு 627108 என்றார். பேச்சியம்மாள் சங்கரன்கோவில் என்றாள். 627756. பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆளுக்கொரு ஊர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வார்டில் இவ்வளவு சிரிப்பு கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

வார்டில் ஒரு சம்பவம். பிற்பகல் மூன்றேகாலுக்குப் பதினான்காம் கட்டில் நோயாளி தானாக எழுந்து கீழே விழுந்துவிட்டார். நான் டிரஸ்ஸிங் அறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். டாக்டரைக் கூப்பிட்டேன், எக்ஸ்ரே எடுத்தார்கள். வைத்த கம்பி விலகியிருக்கிறது. மறுபடியும் ஆபரேஷன்.

கூப்பிடாமலே எழுந்துவிட்டார் என்றும் குழப்பத்தில் இருந்தார் என்றும் கேஸ் ஷீட்டில் எழுதினேன். வேறென்ன எழுத.

ஜூன் 18, புதன்

காலை வகுப்பில் டி வரிசை வரை ஐம்பது சொற்களுக்குத் தேர்வு. நாற்பத்தாறு வாங்கினேன். என்னைவிட அதிகம் வாங்கியது ஒருத்திதான். சார் என் தாளை எல்லோருக்கும் காட்டினார்.

மெட்ரன் பிலோமினா அம்மா நேற்றைய சம்பவத்தை விசாரித்தார். கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றியிருந்ததா என்று கேட்டார். ஏற்றியிருந்தது. அது உண்மை. கூப்பிடும் மணி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அதுவும் உண்மை. என் குறிப்பைப் படித்துவிட்டு, டிஸ்ஓரியன்டட் என்று எழுதியிருக்கிறாயே, எங்கள் நர்ஸுகள் எல்லாம் வெறுமனே கன்ஃப்யூஸ்டு என்றுதான் எழுதுவார்கள், வகுப்புக்குப் போவது நன்றாகத் தெரிகிறது என்றார்.

அந்தச் சொல்லுக்கு, தான் இருக்கும் இடமும் நேரமும் ஆளும் தெரியாதவர் என்று அர்த்தம்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. ஆவுடையப்பன் கண் விழித்ததிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மணி அடிச்சேன், யாரும் வரல. டாக்டர், மகள், உடுப்பு மாற்றிவிட வருகிறவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் இதையே சொல்கிறார். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி தாத்தா என்று தோளைத் தட்டினார். சாயங்காலம் கொடுக்க ஓர் அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதினார். மறுபடி எழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டுத்துணியால் கட்டிலோடு கட்டச் சொன்னார்.

வலது கையை நான் கட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

மகள் ஓவியாவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டினேன். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தேன். இ வரிசை பாதி.

பேச்சியம்மாள் நேற்று டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டது மனதில் நிற்கிறது. "அந்த அண்ணாச்சி அன்னைக்கு மத்தியானம் என்கிட்ட நல்லாத்தான பேசிக்கிட்டிருந்தாவ சிஸ்டர். நான் கடைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள எப்படிப் புத்தி பெரண்டுச்சு?"

ஆபரேஷன் ஆன வயசானவர்களுக்கு அப்படித் திடீரென்று வரும் என்று சொன்னேன். மருத்துவத்தில் அப்படி உண்டுதான்.

அவள் கடைக்குப் போனது எனக்காக. என் சொற்பட்டியலில் இருபது பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வர நான்தான் அனுப்பினேன். வார்டில் இருந்திருந்தால் அவள் கட்டிலருகே போயிருப்பாள். இதை மெட்ரனிடம் நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எஃப், ஜி.

ஜூலை 6, ஞாயிறு

இன்று எனக்குக் காலை டூட்டி. ஆவுடையப்பனுக்கு முகம் துடைத்துவிட்டேன். மாத்திரையால் பேச்சு குழறுகிறது. கோமதி பக்கத்தில் இருந்தாள். அவர் மெதுவாகச் சொன்னார், அம்பாசமுத்திரம் 627401, தென்காசி 627811. மகளைப் பார்த்து, சரியா சொல்லுதேனா என்று கேட்டார். புத்தி தெளிவாக இருக்கிறது என்று நிரூபிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கோமதிக்குப் புரியவில்லை. சரிப்பா, தூங்குங்கப்பா என்றாள். வெளியே வந்து என்னிடம், பழைய வேலை நினைப்பிலேயே இருக்காங்க சிஸ்டர், சம்பந்தமில்லாம நம்பரா சொல்லுதாங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீங்க நல்லாப் பாத்துக்கிடுதீங்க என்று என் கையைப் பிடித்தாள்.

எழுதிவிடுகிறேன். அவர் குழப்பத்தில் இல்லை. விழுந்து கிடந்தபோது நான் தூக்க ஓடினேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "செண்பகா சிஸ்டர், ஒண்ணுக்குப் போகணும்னுதான் எந்திரிச்சேன், மன்னிச்சுக்கிடுங்க." இடம் தெரிந்திருந்தது, ஆள் தெரிந்திருந்தது. மூணேகால் இருக்கும் என்று நேரம்கூடச் சொன்னார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்ட மனிதரைத்தான் அப்படி எழுதினேன். பேனாவைத் திறந்தபோது அந்தச் சொல் கையில் தயாராக இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஆவுடையப்பன் டிஸ்சார்ஜ். சக்கர நாற்காலியில் கீழே கொண்டுபோனார்கள். நான் அப்போது மருந்து அறையில் இருந்தேன். அங்கே வேலை ஒன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

வகுப்பில் பேச்சுப் பயிற்சி. சார் அட்டை எடுத்துக் கொடுப்பார். ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளியின் உறவினர். எனக்கு வந்த அட்டையில், மருத்துவமனையில் தந்தை விழுந்துவிட்டதால் கோபமாக இருக்கும் மகனைச் சமாதானம் செய்ய வேண்டும். அனுதாபம் தெரிவி, நடந்ததை விளக்கு, இனி நடக்காது என்று உறுதி சொல் என்று கீழே போட்டிருந்தது.

ஐந்து நிமிஷம் தடங்கலில்லாமல் பேசினேன். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது என்பதை நான்கு விதமாகச் சொன்னேன். முடித்ததும் சார், இதுதான் ஏ கிரேடு பேச்சு, குரலில் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்றார்.

ஜூலை 24, வியாழன்

கோமதி வார்டுக்கு வந்திருந்தாள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல் வேண்டுமாம். அப்பாவைத் தாழையூத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறாள். பகலில் வீட்டில் ஆளில்லை, இந்த நிலைமையில் தனியாக விட முடியாது, அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை என்றாள். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டேன். வாக்கர் வைத்து நடக்கிறார், கால் பரவாயில்லை, தலைதான் என்றாள்.

நகலை நானே எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் இருந்தது என் சொல். டாக்டர் அதற்கு முன்னால் 'அவ்வப்போது' என்று சேர்த்திருக்கிறார். ஒருநாள் நான் எழுதியது ஆவுடையப்பனுக்கு விட்டுவிட்டு வரும் நோய் ஆகிவிட்டது.

அவள் படியிறங்கும்வரை நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அன்று மணி அடித்தது. எனக்குக் கேட்டது. மூன்று தடவை. டிரஸ்ஸிங் அறையில் தட்டு எதையும் அடுக்கவில்லை; ஸ்டூலில் உட்கார்ந்து டி வரிசையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பேச்சியம்மாள் போவாள் என்றும் நினைத்தேன். அவளை அனுப்பியதே நான்தான் என்பது மறந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

இசக்கிராஜிடம் சொல்லிவிட்டேன். ஓவியா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனதும், அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் செல்போன் டவர்களுக்கு ஜெனரேட்டர் பார்க்கும் வேலையில் இருக்கிறார். மழை, வெயில் என்று ஊர் ஊராக அலைகிறவர். இந்தத் தேர்வுக்காக இரண்டு வருஷமாக வீட்டில் பாதி வேலையை அவர்தான் செய்கிறார். திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு மாசம் பொறு. பரீட்சை முடியட்டும், சர்டிபிகேட் எல்லாம் கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் சொல்லு, நான் தடுக்கல."

"அதுக்குள்ள அவர இல்லத்துல சேத்துருவாங்க."

"இப்ப சொன்னா உன் பேர்ல புகார் வரும். நர்சிங் கவுன்சில்ல நன்னடத்தைக் கடிதம் தருவானா? அது இல்லாம எந்த நாட்டுக்குப் போவ?"

எனக்குத் தெரியாததை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றேன். சரி என்று சொல்லும்போது நிம்மதியாக இருந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஆகஸ்ட் 2, சனி

கோமதி அப்பாவை இல்லத்தில் சேர்த்துவிட்டாளாம். பேச்சியம்மாள் கடைத்தெருவில் அவளைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லிவிட்டு அவள் டீ கிளாஸ்களைக் கழுவப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றுத் தேர்வு முடிந்தது. நன்றாக எழுதினேன். சொற்கள் வரிசையாக வந்தன. ரயிலில் திரும்பும்போது இசக்கிராஜ் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். நாகர்கோவில் தாண்டும்வரை ஓவியா என் மடியில் தூங்கினாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முடிவு வந்துவிட்டது. மூன்றில் பி. பேச்சில் ஏ.

இசக்கிராஜ் தன் அக்காவுக்கு, தம்பிக்கு, ஆல்பர்ட் சாருக்கு எல்லாம் போன் செய்தார். லாலாக் கடை அல்வா வாங்கி வந்தார். ஓவியாவுக்கு எதற்கு என்று தெரியவில்லை, ஆனாலும் குதித்தாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. அவர் பார்த்துவிட்டார். பெட்டியை மூடி வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீ பொறுக்க மாட்ட போலருக்கே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நடந்ததை ஒரு கடிதமாக எழுதி எடுத்துக்கொண்டு மெட்ரன் அறைக்குப் போனேன். அவர் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அந்த நோயாளியின் வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு யாராவது மிரட்டுகிறார்களா என்றார். இல்லை.

"யாரும் கேக்காததுக்கு நீ ஏம்மா வந்து நிக்குற?"

"அவரு அங்க இருக்காரும்மா. நான் எழுதுனதால."

அவர் கடிதத்தை மேஜையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். "இப்ப எடுத்துட்டுப் போனா நான் பாக்கலன்னு வச்சுக்குவேன். இங்கயே விட்டுட்டுப் போனா நிர்வாகத்துக்குப் போயிரும். அப்புறம் என் கையில இல்ல. உனக்குத் தேர்வு முடிவு வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுக்க."

தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பிப் போய் எடுத்துவிடலாமா என்று இரண்டாவது மாடியில் நின்றேன். நின்றேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கோமதி வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காபி போட எழுந்தவளை உட்காரச் சொல்லி, நின்றபடியே சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மணி அடிச்சேன்னு அப்பா என்கிட்ட எத்தன தடவ சொன்னாங்க. சரிப்பா, சரிப்பான்னு சொன்னேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி." சுருட்டிய தலைப்பை உதறிவிட்டு, "கடைசியா இல்லத்துல கொண்டு விடும்போது ஒண்ணுமே சொல்லல. வண்டியில இருந்து அவங்களே எறங்கி உள்ள போனாங்க" என்றாள்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். புதன்கிழமை வாங்க, என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

நானும் கோமதியும் பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து போனோம்.

இல்லம் சுத்தமாக இருந்தது. ஆவுடையப்பன் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், செண்பகா சிஸ்டர்லா, என்றார். பிறகு மகளைப் பார்த்தார், சரியாகத்தான் சொன்னேனா என்று கேட்பதுபோல.

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஐயா, அன்னைக்கு நீங்க மணி அடிச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் வரல. பக்கத்து அறையில பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க தெளிவாத்தான் இருந்தீங்க. நான்தான் புத்தி சரியில்லன்னு பொய் எழுதுனேன்."

அவர் வாக்கரின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"எனக்கே சந்தேகம் வந்துட்டும்மா," என்றார். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுதாவளே. அடிச்சேனா, இல்ல அடிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு. இங்க வந்த பொறகு அதையேதான் யோசிச்சிக்கிட்டிருந்தேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எத்தன தடவ அடிச்சேன்?"

"மூணு தடவ ஐயா."

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"நாலு," என்றார். "மூணு அடிச்சேன். சிஸ்டருக்கு வேல இருக்கும்னு கொஞ்சம் பொறுத்தேன். பொறுக்க முடியாம பொறவு ஒண்ணு."

"ஆமா ஐயா. நாலு."

நாலாவதும் எனக்குக் கேட்டது. இந்த நோட்டில்கூட அதை விட்டுவிட்டேன். அப்போது நான் எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் நினைவுக்கு வரவில்லை என்று திரும்பிப் போய்த் தாளைப் பார்த்தேன். எந்தச் சொல் என்று நான் எழுத வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் விழுந்தார்.

இதையும் அவரிடம் சொன்னேன். அவர் மகளிடம் திரும்பி, "கோமதி, எப்ப வீட்டுக்குப் போலாம்?" என்று கேட்டார். அவள் அங்கேயே அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

விசாரணை. இரண்டு டாக்டர்கள், நிர்வாகத்திலிருந்து ஒருவர், மெட்ரன். நான் ஒரு வாரமாகப் பணி இடைநீக்கத்தில் இருக்கிறேன். நர்சிங் கவுன்சிலுக்கும் கடிதம் போகும் என்றார்கள். நன்னடத்தைச் சான்று இப்போதைக்குக் கிடையாது; எப்போது என்று யாரும் சொல்லவில்லை. இசக்கிராஜ் வெளியே மரத்தடியில் வண்டியோடு காத்திருந்தார்.

ஆவுடையப்பனை வேறொரு டாக்டர் பரிசோதித்துவிட்டார். மாத்திரையை நிறுத்தியாயிற்று. கோமதி பத்து நாள் விடுப்புப் போட்டு அவரோடு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள் என்று பேச்சியம்மாள் சொன்னாள். ஜெராக்ஸ் எடுக்கப் போனது பற்றி அவளிடமும் கேட்டார்களாம். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு எங்கேயும் தடங்கல் வரவில்லை. மூன்று மாதம் படித்ததில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. கேட்டது, போகவில்லை, பொய் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலமே போதுமானதாக இருந்தது.

என் கடிதத்தைப் பார்த்து அவர்களே வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மணி மூன்று முறை ஒலித்தது என்று அதில் இருந்தது. மெட்ரனிடம் பேனா வாங்கி, அதை அடித்துவிட்டு, மேலே நான்கு என்று எழுதினேன்.